வாயில்காவலனும் சுயவிபரக்கோவையும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பழமொழி உண்டு. கோறணமேந்து என்பது கவர்ண்மென்ற் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் நாக்கில் பட்ட பாடு. உத்தியோகத்தின் மேல் எங்களுக்குள்ள பற்றைக் கேலி செய்ய இந்தப் பழமொழியைச் சொல்வார்கள். நானும் பல மேடைகளில் அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்பொழுது அதைச் சொல்ல மனம் வருவதில்லை. ஏனென்று சொல்லுகிறேன்.

சில மாதங்களுக்கு முன், உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் வசிக்கும் ஒரு பிள்ளை மாலை நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு கடதாசிக் கட்டு. "சேர், இதை ஒருக்காப் பாத்துத் தாறியளே?" என்றாள். உள்ளூரில் மகளிர் கல்லூரியில் படித்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகத்துறையில் பட்டம் பெற்றவள். கட்டைப் பிரித்தேன். ஏழு சுயவிபரக்கோவைகள் இருந்தன. ஏழிலும் பெயர் ஒன்றுதான். ஆனால் ஆள் ஏழு. ஒன்றில் அவள் பிறவித் தலைவி. இன்னொன்றில் பிறரோடு இணங்கி வேலை செய்வதையே விரும்புபவள். ஒன்றில் புத்தாக்கத்தில் ஆர்வமுள்ளவள். மற்றொன்றில் ஒழுங்கு விதிகளை இம்மியும் பிசகாமல் கடைப்பிடிப்பவள். ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விதமாக எழுத வேண்டும் என்று யாரோ ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள்.

ஏழிலும் ஒரே இடத்தில் இரண்டு வருடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

"இந்த ரெண்டு வருசமும் என்ன செய்தனீ பிள்ளை?"

"அப்பாவுக்கு ஏலாமல் வந்திட்டுது சேர். தோட்டத்தை நான்தான் பாத்தனான்."

உடுவிலையும் சுன்னாகத்தையும் தெரிந்தவர்களுக்குத் தோட்டம் பார்ப்பது என்றால் என்னவென்று தெரியும். செம்மண் தறையில் வெங்காயம் நட வேண்டும். கூலிக்கு ஆள் பிடிக்க வேண்டும். இறைப்பு மெசின் பழுதானால் அன்றைக்கே திருத்த வேண்டும். மருதனார்மடம் சந்தையில் வியாபாரியோடு விலை பேச வேண்டும். கடனுக்கு எடுத்த உரத்தின் கணக்கை வைத்திருக்க வேண்டும். இவ்வளவையும் இரண்டு வருடம் தனியே செய்து, தகப்பனின் மருந்துச் செலவையும் பார்த்து, கடனையும் அடைத்திருக்கிறாள்.

"அதை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"தோட்டம் செய்தது எண்டு போட்டால் கூப்பிட மாட்டினமாம் சேர். இடைவெளியும் தெரியக்கூடாதாம். ஏதாவது ஒரு கோர்ஸ் படிச்சது எண்டு போடச் சொல்லுகினம்."

நேயர்களே, இரண்டு வருட உழைப்பை மறைத்து, அந்த இடத்தில் ஒரு பொய்யை வைக்க வேண்டுமாம். அதற்கு இன்று ஆலோசனை என்று பெயர். இந்த ஆலோசனையைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கவலை எங்கள் மண்ணில் நேற்று முளைத்ததல்ல. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். மறு வருடம், 1824இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கப்பட்டது. வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, மாணவர்கள் ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு ஏறும் ஏணியாகக் கொள்கிறார்கள் என்பது. வேதத்துக்காகக் கற்பிக்கிறோம், இவர்கள் சம்பளத்துக்காகக் கற்கிறார்களே என்பது அவர்களுடைய மனக்குறை. ஆனால் மழையையும் கிணற்றையும் நம்பி வாழும் ஒரு குடாநாட்டில், வீட்டில் ஒருவராவது மாதச் சம்பளம் வாங்க வேண்டும் என்று ஒரு தகப்பன் நினைத்ததில் என்ன பிழை? கொழும்புக்கும் மலாயாவுக்கும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத உத்தியோகத்தர்களாகவும் எங்கள் ஆட்கள் போனது அப்படித்தான். அவர்கள் அனுப்பிய காசில் கல்வீடுகள் எழும்பின. அக்காலத்தில் ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் போய், "பெத்திசம் எழுத வேணும்" என்று திண்ணையில் காத்திருப்பார்கள். இன்று அந்தப் பிள்ளை கணினியில் அடித்த கடதாசியோடு என் திண்ணைக்கு வந்ததும் அதே வரிசையில்தான்.

பெத்திசம் எழுதியவர் உள்ளதை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். இன்றைய ஆலோசகர்களோ உள்ளதையே மாற்றச் சொல்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பார் ஒருவர். இரண்டு பக்கம் இல்லாவிட்டால் அனுபவம் இல்லையென்று நினைப்பார்கள் என்பார் மற்றவர். படம் ஒட்டு என்பார் ஒருவர். ஒட்டாதே என்பார் இன்னொருவர். விளம்பரத்தில் உள்ள சொற்களையே திருப்பி எழுது, அப்போதுதான் இயந்திரம் உள்ளே விடும் என்பது எல்லோரும் சொல்வது. சொல்பவர்கள் பொய்யர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு கதவு எப்படித் திறந்தது என்பதைச் சொல்கிறார்கள். அடுத்த கதவுக்கு அந்தத் திறப்பு பொருந்துமா என்பது அவர்களுக்கும் தெரியாது.

இலக்கிய நிகழ்ச்சியில் இதை ஏன் பேசுகிறான் என்று நீங்கள் எண்ணக்கூடும். தமிழின் பழைய இலக்கியத்தில் ஒரு பெரும் பகுதியே வேலை தேடிப் போனவர்களின் இலக்கியம். பரிசில் தேடிப் போன பாணரும் பொருநரும் கூத்தரும் புலவரும் பாடியவையும், அவர்களைப் பற்றிப் பாடியவையும் எங்கள் கையில் உள்ளன. ஆலோசனைக்கென்றே ஒரு நூல்வகையும் உண்டு. ஆற்றுப்படை என்று அதற்குப் பெயர். பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன், பெறாதவனை வழியில் கண்டு, இன்ன வள்ளலிடம் போ, இன்ன வழியால் போ, வழியில் இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று சொல்வான்.

திருமுருகாற்றுப்படை முருகனிடம் வழிப்படுத்துவது; அதை விட்டு மற்றவற்றைப் பாருங்கள். அந்த ஆலோசனை வழியைப் பற்றியது, வள்ளலைப் பற்றியது. பாணனே, நீ வேறொருவனாக வேடம் போடு என்று அது சொல்வதில்லை. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டு வறுமை அப்படியே வருகிறது. பாழடைந்த அடுக்களையில் நாய் குட்டி போட்டுக் கிடக்கிறது. குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் அவித்து, பிறர் காணாதபடி கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறார்கள். அயலார் பார்வைக்கு நாணி அடைத்த கதவைப் பாட்டு திறந்து காட்டுகிறது. அந்தப் பசிக்காலத்தை ஓர் இடைவெளியென்று மறைக்கவில்லை. அது இருந்தபடியால்தான் நல்லியக்கோடனின் கொடைக்கே பெருமை வருகிறது.

இனி, தேர்ந்தெடுக்கிறவனை நோக்கிப் பாடிய பாடல்களைப் பாருங்கள். புறநானூற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 121ஆம் பாட்டு. கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொல்வது. உன்னைத் தேடி நாலாபக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்களுக்குக் கொடுப்பது பெரிய காரியமல்ல. யார் எந்தத் தரத்தினர் என்று அறிவதுதான் கடினம். ஆகவே புலவர்களை எல்லாம் ஒரே கண்ணால் பார்ப்பதை விடு என்கிறார். கடினமான வேலை எவருடையது என்பதைக் கவனியுங்கள். தன்னைத் தெரியப்படுத்துவது புலவனின் கடமை என்று கபிலர் சொல்லவில்லை. அறிய வேண்டியது அரசனின் கடமை.

இரண்டாவது, 208ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியைத் தேடிப் போகிறார். அவன் நேரே காணாமல் பரிசிலை மட்டும் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை வாங்க மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்ததைப் பெற்றுப்போக நான் பண்டம் விற்க வந்தவனா என்பது அவர் கேள்வி. என் தரத்தை அறிந்து தினையளவு தந்தாலும் போதும் என்கிறார். காணாமல் கொடுத்ததையே மறுத்த மரபு இது. இன்று காணாமலே மறுக்கிறார்கள்.

மூன்றாவது, 206ஆம் பாட்டு. இதுவும் அதியமான் வாசலில் நடந்தது. பரிசில் தராமல் காலம் கடத்துகிறான். ஒளவையார் கோபம் கொள்கிறார். ஆனால் அரசனிடம் நேரே பேச முடியவில்லை. வாயில்காவலனிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. உன் தலைவன் தான் யார் என்பதை மறந்தானா, நான் யார் என்பதைத் தெரியாதிருக்கிறானா என்று கேட்கிறார். தொழில் தெரிந்த தச்சன் பிள்ளைகளுக்குக் காட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கும் எந்தத் திசையிலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறார்.

ஒளவையாருக்குக் கோபத்தைச் சொல்ல ஒரு காவலனாவது நின்றான். எங்கள் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. இன்றைய வாயில்காவலன் பல இடங்களில் ஒரு கணினி நிரல். அதனிடம் முறையிட முடியாது. அதற்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்பதும் வெளியே தெரியாது. அமேசன் நிறுவனம் 2014ஆம் ஆண்டு முதல் இப்படியொரு நிரலைப் பரிசோதனையாக உருவாக்கியது என்றும், பின்னர் கைவிட்டது என்றும் 2018இல் செய்தி வெளியானது. பத்து ஆண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் காட்டி அதைப் பழக்கியிருந்தார்கள். அவற்றிற் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அந்த நிரல், பெண்களைக் குறிக்கும் சொல் வரும் விண்ணப்பங்களுக்குப் புள்ளியைக் குறைக்கப் பழகிவிட்டது. இரண்டு மகளிர் கல்லூரிகளிற் படித்தவர்களையும் கீழே தள்ளியது. அதைப் படித்தபோது எனக்கு உடுவில் நினைவுக்கு வந்தது. 1824 முதல் பெண்களைப் படிப்பித்து வரும் ஊர் இது. இங்கு படித்த பிள்ளையின் விண்ணப்பத்தில் மகளிர் என்ற சொல் இல்லாமல் எப்படி இருக்கும்?

இயந்திரத்தை மட்டும் குறை சொல்வதும் நீதியல்ல. அமெரிக்காவில் இரண்டு பொருளியலாளர்கள் பொஸ்ரனிலும் சிக்காகோவிலும் ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பி ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2004இல் வெளிவந்தது. கற்பனையான அந்த விண்ணப்பங்களில் தகுதிகள் ஒத்தவை. சிலவற்றில் வெள்ளையருக்குரிய பெயர், சிலவற்றில் கறுப்பினத்தவருக்குரிய பெயர். வெள்ளையர் பெயருக்கு ஐம்பது வீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. அங்கே பார்த்தவை மனிதக் கண்கள்தான். கபிலர் சொன்ன பொதுநோக்குக்கூட அல்ல அது. அதனிலும் கீழான ஒன்று.

திருவள்ளுவரிடமும் இதைப் பற்றிக் கேட்கலாம். ஆளைத் தேர்வதற்கு அவர் இரண்டு அதிகாரங்கள் வைத்திருக்கிறார். 51ஆவது தெரிந்துதெளிதல், 52ஆவது தெரிந்துவினையாடல். இருபது குறள்களும் யாரை நோக்கியவை? வேலை தேடுபவனை நோக்கியவை அல்ல. வேலை கொடுப்பவனை நோக்கியவை. ஆராயாமல் நம்பாதே, நம்பிய பின் ஐயப்படாதே, எந்த வகையில் சோதித்துத் தெளிந்தாலும், செயலில் இறங்கியபின் வேறுபடும் மனிதர் பலர் என்று அவர் எச்சரிக்கிறார். இந்தக் கடைசிக் கருத்து ஆளைத் தேர்வதன் எல்லையையே காட்டுகிறது. எந்தச் சோதனையும் முழுமையானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிற அடக்கம் அதில் இருக்கிறது. இன்றோ எல்லா அறிவுரையும் கேட்பவனுக்கே. கொடுப்பவனுக்கு அறிவுரை சொல்வார் மிகக் குறைவு.

இப்பொழுது மற்றப் பக்கத்தையும் பேச வேண்டும். ஒரு வெற்றிடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. பார்க்க இருப்பவர் ஒருவரோ இருவரோ. அவர் என்ன செய்வார்? மேலும், பழைய காலம் பொற்காலமும் அல்ல. சங்கப் புலவர்களுக்குள்ளும் வாசலில் வாடித் திரும்பியவர்கள் உண்டு. எங்கள் காலத்தில் அரசியல்வாதியின் கடிதம் இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை என்ற நிலையைக் கண்டிருக்கிறோம். இன்னாரின் மகன், இன்ன பகுதியைச் சேர்ந்தவன் என்று விசாரித்து உள்ளே விட்டதையும் வெளியே விட்டதையும் கண்டிருக்கிறோம். ஆளை அறிதல் என்ற பெயரில் சாதியை அறிந்தவர்கள் நாங்கள். அந்த அநியாயத்துக்கு மருந்தாகத்தான் பரீட்சையும் புள்ளியும் படிவமும் வந்தன. ஆகவே படிவத்தைத் தூக்கியெறி என்று நான் சொல்ல வரவில்லை. படிவம் ஆளைக் காண்பதற்கான வாசல். அதுவே சுவராகிவிடக்கூடாது.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று சில இரவுகளில் யோசித்ததுண்டு. நானும் ஒரு காலத்தில் வாயில்காவலனாக இருந்தவன். 1997ஆம் ஆண்டு ஒரு நிறுவனத்தின் தெரிவுச் சபையில் மூவரில் ஒருவனாக இருந்தேன். ஓர் இளைஞன் வந்தான். கேட்டவற்றுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னான். ஆனால் பெறுபேற்றின் மூலப்பிரதி அவனிடம் இல்லை. போட்டோப்பிரதி மட்டுமே இருந்தது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, வழியில் பை தவறிவிட்டதாகச் சொன்னான். கொழும்பில் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபிரதி எடுப்பதென்றால், அக்காலத்தில் பயண அனுமதிக்கும் கப்பலுக்கும் எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். நாங்களும் அதே இரவில் அதே வீதியில் நடந்தவர்கள்தான். ஆனாலும் "மூலப்பிரதி இல்லை" என்று குறித்து அவனுடைய கோப்பை ஒதுக்கி வைத்தோம். மற்ற இருவரும் விதி என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு மாத அவகாசம் கொடுப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒதுக்கியதை அவனுக்கு எழுதி அறிவிக்கவுமில்லை. எத்தனை நாள் தபால்காரனைப் பார்த்திருப்பானோ.

பழைய புலவர்கள் தேர்வின்மையைவிடத் தாமதத்தையே அதிகம் நொந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. காலம் கடத்தும் புரவலனிடம் பரிசிலை வற்புறுத்திக் கேட்பதற்குப் பரிசில் கடாநிலை என்று ஒரு துறையே வகுத்திருக்கிறார்கள். கொடுத்து முறையாக வழியனுப்புவதற்குப் பரிசில் விடை என்று பெயர். கேட்பவனுக்கு நினைவூட்டும் உரிமையும், கொடுப்பவனுக்கு விடைகொடுக்கும் கடமையும் இருந்தன. இன்று விண்ணப்பித்தவனுக்கு ஆம் என்றும் இல்லை என்றும் பதில் இல்லை. மௌனமே பதில்.

ஒளவையார் சொன்னதுபோல எங்கள் இளைஞர்கள் எல்லாத் திசைக்கும் போனார்கள். ஒன்ராறியோவுக்குப் போனவர்கள் அங்கே "கனடிய அனுபவம் உண்டா" என்ற கேள்வியின் முன் நின்றார்கள். கனடாவுக்கு வந்து இறங்கியவனிடம் கனடிய அனுபவத்தை எப்படிக் கேட்பது? அந்தக் கேள்வி பாரபட்சத்துக்கு இடமளிப்பது என்று அம்மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2013இல் கொள்கையாக வெளியிட்டது. பின்னர் சட்டமும் வந்தது. 2026 ஜனவரி 1ஆம் திகதியை நடைமுறை நாளாகக் கொண்ட விதிகளின்படி, அங்கே பகிரங்க விளம்பரத்தில் கனடிய அனுபவம் கோரக்கூடாது. இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், விண்ணப்பங்களைச் சலிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும்; நேர்முகப் பரீட்சைக்கு வந்தவருக்கு, முடிவு எடுக்கப்பட்டதா என்பதை நாற்பத்தைந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். பரிசில் விடைக்கு ஒரு சட்டம் என்று நான் அதை வாசித்தேன்.

இங்கே எங்கள் நிலை என்ன? 2017ஆம் ஆண்டு யாழ். மாவட்டச் செயலகத்தின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் இருந்ததை நாங்கள் கண்டோம். கோறணமேந்தில் கோழி மேய்க்கும் ஆசை என்று அதைச் சிரித்துத் தள்ள முடியாது. அரசாங்க உத்தியோகத்தில் வயதெல்லை எழுதியிருக்கும், தகுதி எழுதியிருக்கும், பெறுபேறு பட்டியலில் வரும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்பதற்கு ஒரு கந்தோர் வாசலாவது இருக்கும். அவர்கள் போய் அமர்ந்ததும் அந்த வாசலில்தான். தனியார் கம்பனியின் மௌனத்தின் முன்னால் போய் எங்கே அமர்வது?

அந்தப் பிள்ளையின் கதைக்கு வருகிறேன். ஏழையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு எட்டாவதாக ஒன்று எழுதினோம். வெறுமையாகக் கிடந்த இடத்தில், தகப்பன் நோயுற்றிருந்த இரண்டு வருடமும் குடும்பத்தின் வெங்காயத் தோட்டத்தை நடத்தினேன், கூலியாட்களையும் வரவு செலவையும் கவனித்தேன், கடனை அடைத்தேன் என்று மூன்று வரி எழுதினாள். எழுதும்போது சற்று நிமிர்ந்து இருந்தாள். அதை நான்கு இடங்களுக்கு அனுப்பினாள். மூன்றிலிருந்து பதில் இல்லை. நான்காவது இடத்தில் கணினித் திரையிலே நேர்முகம் நடந்தது. ஐந்து வருடத்தில் உங்களை எங்கே காண்கிறீர்கள் என்று கேட்டார்களாம். தோட்டத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதைக் கேட்ட தாய் சிரித்தார். "ஐஞ்சு வருசமோ? விடிஞ்சால் எங்கை நிப்பம் எண்டு தெரியாமல் வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட்ட ஆக்கள் நாங்கள்" என்றார். நான் இதைப் பேசும் இந்த நேரம் வரைக்கும் அங்கிருந்தும் பதில் வரவில்லை. எட்டாவதை எழுதச் சொன்ன ஆலோசனை நல்லதா என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆனால் அதில் உள்ளவள் அவள்தான்.

நேயர்களே, உங்களில் சிலர் வேலை தேடுபவர்கள். உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புதிய ஆலோசனை எதுவுமில்லை. ஏற்கெனவே போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். உங்களில் சிலர் வேலை கொடுப்பவர்கள். ஒரு கடையில், ஒரு வங்கியில், ஒரு பாடசாலையில், ஒரு கம்பனியில் கோப்பைப் பிரித்துப் பார்ப்பவர்கள். உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஒரு விண்ணப்பத்தில் இரண்டு வருடம் வெறுமையாக இருந்தால் ஒதுக்கி வைக்க முன், அந்த நாட்களில் என்ன செய்தாய் என்று ஒரு தரம் கேளுங்கள். இந்த மண்ணில் அந்த இடைவெளிக்குள் என்னென்ன இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். மற்றது, இல்லை என்று முடிவெடுத்தால் இல்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். நான் 1997இல் செய்யத் தவறியது அதுதான்.